ஷைனியின் கையை விட்ட நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் போனில் என்னிடம் கேட்டாள், "டீச்சர், இந்த வேலையில எது ரொம்பக் கஷ்டமாட்டு இருந்துச்சு?" அலைச்சல் என்றோ அதிகாரிகள் என்றோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். தனிமை என்றேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் படிப்பிக்கிறவர்களுக்கு வகுப்பறை கிடையாது. மதியச் சோற்றைப் பகிர்ந்துகொள்ள ஆசிரியர் அறையும் கிடையாது. காலையில் கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் ஏறுவேன். மதியம் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சாப்பாட்டை முடித்துவிடுவேன். போகிற வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் பேச்சு வராது. அவர்களிடம் நாள் முழுவதும் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் தக்கலையில் என் வாடகை வீட்டுக்கு வந்ததும், பார்க்காவிட்டாலும் டிவியைப் போட்டுவிடுவேன். வீட்டில் வேறு யாராவது பேசட்டும் என்று.

உங்கள் கைகளில் இன்று கண்ணசைவைப் பின்தொடரும் கருவிகள்கூட இருக்கின்றன. எங்கள் காலத்தில் பெரிய அதிசயம் என்பது அமுக்கினால் பேசும் பொத்தான். நம் குரலை அதில் பதிந்து வைத்தால், பிள்ளை அமுக்கும்போது அது ஒலிக்கும். எஸ்டேட்டில் ரப்பர் வெட்டும் ஒருவரின் மகனுக்கு முதன்முதலாக அதைக் கொண்டுபோனேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சுத்தமான தமிழில் நான் பதிந்திருந்தேன். பையன் அமுக்கினான். அவன் அப்பா சிரித்துவிட்டார். "இது யாருக்க சத்தம் டீச்சரே? ரேடியோ வாசிக்க மாதிரி இருக்கு. எங்க வீட்டுல வெள்ளம்னுதான கேப்போம்" என்றார். அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு "அப்பா, வெள்ளம் தா" என்று பதிந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பொத்தானை விடவே இல்லை. எந்தக் கருவியைக் கொண்டுபோனாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வியை அந்த அப்பா எனக்குக் கொடுத்தார். இது யாருக்க சத்தம்?

அந்தக் கேள்வியைச் சிரிப்பில்லாமல் கேட்கவேண்டிய நாள் ஷைனியின் வீட்டில் வந்தது.

குளச்சலுக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் புஷ்பமும் மகள் ஷைனியும் இருந்தார்கள். கணவர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை செய்தார். வீட்டுக்கு வருவது பெருநாளுக்கும் திருவிழாவுக்கும்தான். ஷைனிக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே மூளை வாதம். கைகால்கள் அவள் சொன்னபடி கேட்காது. பேச்சு கிடையாது. நினைத்தாற்போல உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும்.

அவளை என் பொறுப்பில் விட்டபோதே மேலதிகாரி உற்சாகமாகச் சொன்னார், "அந்தப் பிள்ளை லேப்டாப்ல எழுதுது டீச்சர். கவிதை மாதிரி எழுதுது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப் இருந்தது. தொட்டால் எழுதும் திரையில் தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. புஷ்பம் மகளின் வலது மணிக்கட்டைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"ஷைனி, டீச்சர் வந்திருக்காங்க. வணக்கம் சொல்லு மக்கா."

விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டது. 'வணக்கம் டீச்சர். உங்க கண்ணில அன்பு இருக்கு.'

எனக்கு மெய் சிலிர்த்தது. வருஷக்கணக்காகப் பதில் வராத பிள்ளைகளிடம் பேசிப் பழகியவளுக்கு, முதல் நாளே ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுனாமி நிவாரணத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்த முறையைப் புஷ்பத்துக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். கையைத் தாங்கிப் பிடித்தால் போதும், பிள்ளை தானே எழுதும் என்று. முதலில் அட்டையில் எழுத்துகளை ஒட்டிப் பழகினார்கள். பிறகு யாரோ லேப்டாப் கொடுத்தார்கள். அந்த ஊரில் புஷ்பத்துக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அந்த விரல் மட்டுமே.

சுவரில் ஒரு பையனின் போட்டோ மாட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில், ஈரத் தலையை வாரிக்கொண்டு நின்றான். ஆன்றோ. ஷைனியின் அண்ணன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது புஷ்பம் ஷைனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆன்றோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். சத்தத்திலும் பயத்திலும் ஷைனிக்கு உடம்பு விறைத்துவிட்டது. விறைத்த பிள்ளையை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. "எனக்க நைட்டியப் பிடிச்சிட்டு ஓடி வா மக்கான்னு சொல்லிட்டு, இந்தக் கைய விட்டேன் டீச்சர்" என்று தன் இடதுகையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

லேப்டாப்பில் ஷைனி அடிக்கடி எழுதுவது அவனைப் பற்றித்தான். 'அண்ணன் பயப்படல அம்மா.' 'நீ செஞ்சது சரிதான் அம்மா.' புஷ்பம் அவற்றை அழிக்காமல் சேமித்து வைத்திருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருப்பவள், கையைத் துடைத்துவிட்டு வந்து ஒருமுறை படித்துவிட்டுப் போவாள்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். விரல் எழுத்தைத் தொடும்போது ஷைனியின் கண்கள் திரையில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அதனால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் புஷ்பத்தின் கண்கள் எழுத்துகளை விட்டு நகரவே இல்லை.

சந்தேகத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை காலமானாலும் அப்படியே வைத்திருந்திருப்பேனோ என்னவோ. ஷைனி அழத் தொடங்கினாள்.

மதியத்தில், உடை மாற்றும்போது, பாயில் வலப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைக்கும்போது, தொண்டை கிழிகிற மாதிரி அழுவாள். புஷ்பம் உடனே லேப்டாப்பை எடுப்பாள்.

"என்னத்துக்கு அழுக மக்கா?"

'அண்ணன் ஞாபகம் வந்துச்சு.'

அம்மாவும் சேர்ந்து அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். உதடு கடித்து, கண்கள் செருகி, வியர்த்து. நினைவுக்காக அழுகிற முகமாக எனக்கு அது தெரியவில்லை. என் வற்புறுத்தலில் புஷ்பம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நானும் போனேன். அங்கேயும் லேப்டாப் போனது. "உடம்புல எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். விரல் எழுதியது: 'உடம்புல வலி இல்ல. மனசுலதான்.' டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எழுதுவது யார் என்று பார்த்துவிடுவதென்று அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவெடுத்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவர் எண்ணுக்குப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. மேலதிகாரியிடம் சொன்னேன். மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் ஷைனியை மேடையேற்ற அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

"டீச்சர், ஒரு வீட்டுல நல்லது ஒண்ணு நடந்துட்டு இருக்கு. அதுல போயி ஏன் கை வைக்கீங்க? அந்த அம்மா சந்தோஷமா இருக்கு, பிள்ளை சந்தோஷமா இருக்கு."

"பிள்ளை சந்தோஷமா இல்ல சார்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாயை ஏமாற்றி, அவள் அறியாமல் சோதித்துப் பார்த்திருக்கலாம். எளிதாக முடிந்திருக்கும். ஆனால் பிடிபட்ட திருடியைப் போல அவளை நிறுத்த எனக்கு மனமில்லை. அவள் பொய் சொல்லவில்லை. கையைத் தாங்கிப் பிடித்திருப்பவரின் விரல்கள் அவரே அறியாமல் அந்தக் கையை நகர்த்தும். தான் நகர்த்துகிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் வராது. அதனால் எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன்.

"புஷ்பம், நீ வெளிய நில்லு. ஷைனிக்கு நான் ஒரு பொருளக் காட்டுதேன். பிறகு நீ உள்ள வந்து கையப் பிடி. அவ என்ன பாத்தான்னு எழுதட்டும்."

"எதுக்கு டீச்சர்?"

"எழுதுறது அவதான்னு எனக்கு உறுதியாத் தெரியணும். வலியப் பத்தி அவ சொன்னத நம்பி நாம ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்திருக்கோம்."

அவள் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு சிரித்தாள். "கேளுங்க. எனக்க பிள்ள சொல்லுவா."

என் குடையை விரித்துக் காட்டினேன். ஷைனி அதைப் பார்த்துச் சிரித்தாள், நன்றாகவே பார்த்தாள். புஷ்பம் உள்ளே வந்து கையைப் பிடித்தாள். விரல் எழுதியது: 'பூ.'

"இன்னொண்ணு காட்டுங்க" என்றாள் புஷ்பம்.

சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்துக் காட்டினேன். 'ஜெபமாலை' என்று வந்தது.

மூன்றாவது முறை அவள் வெளியே போகவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு மெதுவாக விரல்களைத் தளர்த்தினாள். ஷைனியின் கை மடியில் விழுந்து, தன் போக்கில் துடித்துக்கொண்டிருந்தது. லேப்டாப் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை.

"அவளுக்கு உறக்கம் வருது" என்றாள். லேப்டாப்பை மூடினாள். "நீங்க போங்க டீச்சர்."

அதன்பிறகு பல வாரங்கள் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ஊரிலும் யாரும் என்னிடம் பேசவில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டால் முகம் பார்க்காமல் எடுத்து வைப்பார்கள். மீன் விற்கும் அம்மா ஒருத்தி மட்டும் பஸ் நிற்கும் இடத்தில் நேராகக் கேட்டாள், "ஏம்மா, பேசிட்டு இருந்த பிள்ளைய ஊமையாக்கிட்டியளே, இதுக்கா சம்பளம்?" விழா மேடையில் வேறொரு பிள்ளையை ஏற்றினார்கள். மேலதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் வழக்கமான நாளில் வழக்கமான பஸ்ஸில் போய்க் கதவைத் தட்டினேன். திறக்காவிட்டால், "ஷைனி, டீச்சர் வந்தேன்" என்று ஜன்னலோரம் சொல்லிவிட்டுத் திரும்புவேன். உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறவரைவிடச் சொல்லாமல் இருந்தவர் மேல் என்று அந்த நாட்களில்தான் எனக்குப் பட்டது. போய்க்கொண்டே இருந்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவுமில்லை.

ஒருநாள் நான் ஜன்னலோரம் நிற்கும்போதே உள்ளே ஷைனி அழத் தொடங்கினாள். கதவு திறந்தது. புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"இப்ப யாருகிட்ட கேப்பேன் டீச்சர், என்னத்துக்கு அழுகான்னு? கேக்கதுக்கு எனக்கு ஒரு வழியும் இல்லியே."

பையில் தயாராகத்தான் வைத்திருந்தேன். பழைய மவுஸ் ஒன்றைப் பிரித்து, அதன் இடது கிளிக்கிலிருந்து வயர் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான் செய்திருந்தேன். ஷைனியால் உறுதியாகச் செய்யமுடிந்த அசைவு ஒன்று உண்டு. தலையை இடப்பக்கம் திருப்புவாள். அந்தப் பக்கம், நாற்காலியில் கன்னம் படுகிற இடத்தில் பொத்தானைக் கட்டினேன்.

"எழுத்து வேண்டாம் புஷ்பம். நீ தொடாண்டாம், நானும் தொடமாட்டேன். அவ அமுக்கட்டும்."

முதலில் வலியைக் கேட்கவில்லை. அமுக்கினால் ஏதோ நடக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவள் செய்து எதுவும் நடந்ததில்லை. புஷ்பத்தின் குரலைப் பதிந்தேன். "ஏட்டி ஷைனி!" என்று அவள் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே. தற்செயலாகத் தலை திரும்பிக் கன்னம் பொத்தானில் பட்டது. லேப்டாப் "ஏட்டி ஷைனி!" என்றது. ஷைனி திடுக்கிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் வாய் மூடியிருந்தது. மறுபடி தலை திரும்பியது. "ஏட்டி ஷைனி!" அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. அன்று மதியம் முழுவதும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். புஷ்பம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

பிறகு படங்கள். திரையில் ஒவ்வொரு படமாக வெளிச்சம் நகரும், பெயரை என் குரல் சொல்லும், வேண்டியது வரும்போது அமுக்கவேண்டும். கஞ்சி, பாட்டு, வெளியே போகலாம், வேண்டாம். ஷைனி பிடித்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆயின. தவறாக அமுக்குவாள், களைத்துப்போவாள், சில நாள் தொடவே மாட்டாள். தனக்கென்று அவள் முதலில் எடுத்த வார்த்தை 'வேண்டாம்'. நான் கொண்டுபோன பாட்டைப் போட்டபோது அமுக்கினாள். என் ஆசிரியர் வாழ்க்கையில் என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்திய மறுப்பு வேறில்லை.

அதற்குப் பிறகுதான் உடம்பின் படங்களை வைத்தேன். தலை, வயிறு, கை, இடுப்பு, கால். "எங்க வலிக்கு மக்கா?" என்று புஷ்பம் கேட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கேட்டாள். இடுப்பு வந்தபோது ஷைனி அமுக்கினாள். படங்களை இடம் மாற்றிக் கேட்டோம். இடுப்பு. இன்னொரு நாள், வேறு வரிசையில். இடுப்பு.

நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வலது தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து நழுவி நெடுநாளாகியிருந்தது. திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அப்பா போட்டை விட்டு இறங்கி வந்தார். அறுவை சிகிச்சை நடந்தது.

அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கணவர் டீ வாங்கப் போயிருந்தபோது, புஷ்பம் கேட்டாள்.

"டீச்சர், அப்ப ஆன்றோவப் பத்தி அவ எழுதுனது?"

நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "அது நீ எழுதுனது புஷ்பம்."

"நான் செஞ்சது சரின்னு அவ சொன்னாளே."

"நீதான் சொன்னே."

தன் இடதுகையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "எனக்கு நானே சொன்னா அது மன்னிப்பாவுமா டீச்சர்?" என்றாள்.

ஆறுதலாகச் சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அவள் செய்ததை எந்தத் தாயும் செய்திருப்பாள் என்று சொல்லலாம். ஆன்றோ மன்னித்திருப்பான் என்று சொல்லலாம். சொல்லியிருந்தால், இந்த முறை அவள் கையைப் பிடித்து நான் எழுதியதாக ஆகியிருக்கும். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஒரு பெஞ்சு வரும். பயிற்சியில் யாரும் அதைச் சொல்லித்தரமாட்டார்கள்.

ஷைனியின் அழுகை குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. ஆனால் இப்போது அழும்போது காரணம் கேட்கலாம், சில சமயம் பதிலும் வரும். லேப்டாப்பில் சேமித்திருந்த பழைய வாசகங்களைப் புஷ்பம் என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கதவைத் திறந்து வைத்தாலும் பழைய மாதிரி என்னிடம் அவள் பேசவும் இல்லை. டீ கொடுப்பாள். மகளைப் பற்றி மட்டும் பேசுவாள். மகளோடு நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தவளை, நாலைந்து படங்களோடு நான் விட்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் அவள் இழந்தது அதிகம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அவளாகவே ஒன்று கேட்டாள். "அந்தப் படத்துக்க கூட்டத்துல ஆன்றோவுக்க போட்டோவையும் வைக்கலாமா?"

தயங்கினேன். "அவ அமுக்காம விட்டுட்டா?"

"விடட்டும்."

சுவரிலிருந்த போட்டோவைச் செல்போனில் எடுத்து ஏற்றினேன். பெயரை நான் சொல்லமாட்டேன், நீயே பதி என்றேன். "ஆன்றோ" என்று ஒருமுறை சொன்னாள். குரல் உடைந்திருந்தது. திரும்பப் பதியலாமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் போன கடைசி நாளும் ஷைனி நாற்காலியில் இருந்தாள். வெளிச்சம் நகர்ந்தது. பாட்டு. வெளியே போகலாம். வேண்டாம். பிறகு ஆன்றோவின் முகத்தில் வந்து நின்றது. லேப்டாப்பிலிருந்து உடைந்த குரலில் அவன் பெயர் கேட்டது. புஷ்பம் மகளின் கன்னத்தையே பார்த்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. ஷைனி அசையவில்லை. வெளிச்சம் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. கஞ்சி. தலை திரும்பி, பொத்தானில் கன்னம் சத்தமாகப் பட்டது.

"இன்னா வாறேன்டி" என்று எழுந்து புஷ்பம் அடுப்படிக்குப் போனாள்.